முதல் கேள்வி

சனிக்கிழமை. ராணிப்பேட்டைத் தோல்ஷாப்புகளில்
கூலி தரும் நாள்.
பாலாற்றுப் பாலத்தின் ஆற்காட்டு முனையில்
பைக்கைக் குறுக்கே போட்டவன்
கத்தியை முதலில் எடுக்கவில்லை.
"ஆதார் கார்டு இருக்கா?" என்றானாம்.
இல்லையென்று தெரிந்த பிறகுதான்
எடுத்தான்.

இதைச் சொன்னது மொஃபிசுல் இல்லை,
மெஸ் நடத்தும் தனபாக்கியம்.
"இந்த மாசத்துல நாலாவது ஆளு மேடம்.
மூணு பேரு வாயே தொறக்கல.
இவன நான்தான் இழுத்துகினு வந்தேன்."

பெஞ்சு நுனியில் அவன்,
கண் வாசலிலேயே.
குரோம் நீலம் ஏறிய நகங்கள்.
கன்னத்தில் மெஸ்காரி அப்பிய மஞ்சள்தூள்
ஓரமாகச் சிவந்துகொண்டிருந்தது.

பதினொரு வருஷமாக இந்த ஸ்டேஷனுக்கு ரைட்டர் நான்.
தாளை நேராக்கி, பேனாவை உதறியதும்
என் வாய் தானாகக் கேட்டது:
"ஆதார் கார்டு இருக்கா?"

மின்விசிறி மட்டும் கடகடத்தது.
தனபாக்கியம் என்னையே பார்த்தாள்.
அவன் எழுந்தே விட்டான்.

"உட்காருப்பா."
கார்டு வேண்டாம் என்று கையால் காட்டினேன்.
வெட்டு வலக் கன்னத்தில்.
"கத்தி எந்தக் கையில வெச்சிருந்தான்?"

இல்லாத பிடி ஒன்றை
இறுக்கிப் பிடித்தபடி
மெல்ல உயர்ந்தது
அவன் இடது கை.