ஆரப்பாளையத்தில் கூவாத ஊர்கள்

காளவாசல். டயர்க்கடை மாடி. இரவு இரண்டே முக்கால்.
ரேக்கின் பச்சை விளக்குகளும் நானும்.

ஆரப்பாளையத்து கண்டக்டருக்குத்
திருநெல்வேலிக்கும் வழி தெரியும்.
ஆனாலும் தேனி, போடி, கம்பம் என்றுதான் கூவுவார்.
தன் வண்டி போகாத ஊரைச் சொல்லி
யாரை ஏற்றி எங்கே இறக்க?

என் ரூட்டரும் அப்படித்தான்.
ஒரு ஊருக்கு நாலு வழி கேட்டு வைத்திருந்தாலும்
தான் போகும் ஒன்றைத்தான் வாய்விடும்,
அதுவும் ஆள் பார்த்து.
உசிலம்பட்டி ஒச்சப்பன் கேபிள் மாசாமாசம் காசு கட்டுகிறவர்:
அவர் முகவரிகளை எல்லாத் திசையிலும் சொல்லும்.
சென்னைக்காரன் காசு வாங்கிக்கொண்டு தரும் உலகத்தை
ஒச்சப்பனுக்குச் சொல்லும்,
கோயம்புத்தூருக்குச் சொல்லாது.
கோயம்புத்தூர் எங்களுக்குச் சமம்,
கொடுக்கலும் இல்லை வாங்கலும் இல்லை;
அங்கே கேட்டது கீழே இறங்கும்
மேலே ஏறாது.

போன ஆடியில் துளசிராம்
ஃபில்டரில் ஒரு வரியை அழித்துவிட்டான்.
உலகத்துக்கே வழி இப்படி என்று
கோயம்புத்தூரிடம் சொல்லிவிட்டது காளவாசல்.
காசில்லாத வழி கசக்குமா? நம்பிவிட்டார்கள்.
பைபாஸில் போக வேண்டிய லாரியெல்லாம்
எங்கள் சந்துக்குள் திரும்பியதுபோல்
நாற்பது நிமிஷம்.

போனில் ஷாகிதா. அதுவரை மின்னஞ்சலில் மட்டும் பார்த்த பெயர்.
"ஏனுங்க, சிங்கப்பூர் போக
உங்க மாடிப்படி ஏறித்தான் போகோணுமா?"

வரியைத் திரும்ப எழுதினேன்.
சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத்
திரும்ப வாங்கிக்கொண்டது ரூட்டர்.
மனுஷனுக்கு அந்த வசதி கிடையாது.

அதற்குப் பிறகு பேசிக்கொண்டோம்.
புரட்டாசியில் ஒருநாள், கம்பெனியை விக்கப்போறாங்க என்றாள்.
யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை.

முதலாளி கேட்டார்:
"என்னப்பா பொன்னழகு, கோயம்புத்தூர்ல விசேஷம்?"
"லிங்க் நல்லா இருக்கு சார்."

ஐப்பசியில் அதே செய்தி
சென்னை சுற்றி அவர் வாய்க்கே வந்து சேர்ந்தது.
"காளவாசல்ல ஒருத்தனுக்கு முன்னாடியே தெரியுமாம்ல?"

வந்த பாதையில் தன் எண் இருந்தால்
ரூட்டர் அதை எடுத்துக்கொள்வதில்லை.
மறுத்துப் பேசுவதும் இல்லை.
டீயைக் குடித்து முடித்தேன்.

ஷாகிதா இப்போது எங்கே வேலை என்று தெரியவில்லை.
கோயம்புத்தூர் செஷன் அறுபடாமல்
தொண்ணூற்று நாலு நாள்.
நிமிஷத்துக்கு ஒருமுறை
இருக்கேன் என்கிறது அந்தப் பக்கம்.
இருக்கேன் என்கிறது இந்தப் பக்கம்.