கிழக்கெல்லை

காணிக் கந்தோரில்
அந்தக் கதிரையில் ஒரு துவாய் மட்டும் இருந்தது.
ஐயா லீவு. திங்கட்கிழமை வாங்கோ.
அன்று வியாழன்.
வவுனியா பஸ் மூன்றரைக்கு.

ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி
தெரு போன பக்கம் நடந்தேன்.
தெரு முடிந்த இடத்தில்
ஒரு படிவமும் கேட்காமல் கடல் கிடந்தது.

டச் பேயில் கண்டிப் பஸ்ஸொன்று
ஒரு முழு வகுப்பையும் மணலில் கொட்டியிருந்தது.
ரீச்சர் விசில் ஊத ஊத
பிள்ளைகள் நின்றார்கள், அலை நிற்கவில்லை.
இஸ்ஸோ வடை, மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி,
நனையாமல் குளிக்கப் பார்க்கும் ஒரு புதுப்பெண்,
கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான்கள் வேறு,
வாடகை கட்டி முடித்தவர்களின் நடையில்.

படங்குக்குக் கீழே நாலு அலைப்பலகைகள்.
ஒன்றின் மூக்கு உடைந்து
சைக்கிள் ட்யூப் ஒட்டியிருந்தது.
"வெள்ளைக்காரருக்கு ரெண்டாயிரம்,
கொழும்பாருக்கு ஆயிரம்,
மூக்குடைஞ்சது எண்டா உங்களுக்கு ஐந்நூறு," என்றான் ருஸ்னி.
நீந்தத் தெரியுமா?
தெரியும் என்றேன்,
வவுனியாக் குளத்தில் கால் நனைத்ததையும் கணக்கில் சேர்த்து.

"பொறுங்கோ அக்கா, கச்சான் விழட்டும்.
கரையிலயிருந்து காத்து அடிச்சாத்தான்
அலை நிமிர்ந்து நிக்கும்."
கச்சான் தின்றபடி
கச்சானுக்குக் காத்திருந்தேன்.
சுருள் சுற்றித் தந்த பவளராணி
ஃபைலை வாங்கித் தன் பெட்டிக்குக் கீழே வைத்தாள்.
"உறுதியோ? என்னட்டையும் ஒண்டு கிடக்கு.
காணிதான் இல்லை."

என்னுடையதில் இப்படி எழுதியிருக்கிறது:
வடக்கு: வள்ளியம்மை பங்கும் பூவரசு வேலியும்.
தெற்கு: ஒழுங்கை.
மேற்கு: குச்சவெளி றோட்டு.
கிழக்கு: கடல்.

பூவரசு இல்லை. வள்ளியம்மை கனடாவில்.
ஒழுங்கையை ஆரோ மதிலுக்குள் எடுத்துவிட்டார்கள்.
றோட்டு அகன்று எங்கள் கிணற்றை மோந்து பார்க்கிறது.
நாலில் ஒன்றுதான் சொன்ன இடத்தில் இருக்கிறது,
அதுவும் நிமிடத்துக்கு ஏழெட்டுத் தரம்
வந்து வந்து போகிறது.

கணுக்காலில் கயிற்றைக் கட்டினான் ருஸ்னி.
"விழுந்தா பலகை உங்களை விடாது.
நீங்களும் அதை விடாதீங்கோ."

முதல் அலை மூக்கால் நுழைந்து வாயால் போனது.
இரண்டாவது என் ஷோலைக் கேட்டது,
குடுத்துவிட்டேன்.
பிறகு எண்ணவில்லை.
உப்பு, இருமல், ருஸ்னியின் சிரிப்பு,
செருப்பை எங்கே விட்டேன் என்ற யோசனை,
அடுத்தது.

பிறகு ஒன்று.
முகத்தில் கரைக்காற்று வந்து மோத,
பின்னால் நாலு பேர் கட்டிலைத் தூக்குவதுபோல்
தண்ணீர் எழும்ப,
முழங்காலில் நின்றேன்.
எழுந்து அல்ல. முழங்காலில்.
ஒரு கையெழுத்து வைக்கிற நேரம்கூட இராது.
நில அளவையாளர் எவரும் சங்கிலி போடாத துண்டொன்று
எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது,
அதில் என்னைத் தவிர ஆருக்கும் பங்கில்லை.
கண்டிப் பிள்ளைகள் கத்தினார்கள்.
எந்த மொழியில் என்று கவனிக்கவில்லை.

கரையில் பவளராணி தலையில் கை வைத்திருந்தாள்.
"சில்லறை மாத்தப் போனன் பிள்ளை,
அந்த இடைக்குள்ள..."
மான் ஒன்று
விண்ணப்பத்தின் மூன்றாம் பிரதியை
முத்திரை ஒட்டிய மூலையிலிருந்து
நிதானமாக மென்றுகொண்டிருந்தது,
கந்தோரில் எவரும் இவ்வளவு கவனமாக அதைப் பார்த்ததில்லை.
உறுதியைத் தொடவில்லை.
பழந்தாள் அதற்கும் பிடிக்காதாக்கும்.

மூன்றரை பஸ்.
கண்டக்டர் என்னைப் பார்த்தார், சீற்றைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
பேப்பர் ஒன்றை விரிக்கத் தந்தார்.
கன்னியாச் சந்தி தாண்டும்போது
காதிலிருந்து வெந்நீர்போல் ஒரு சொட்டு இறங்கியது.

ஃபைலுக்குள் மணல் நெறுநெறுக்கிறது.
தட்டவில்லை.
திங்கட்கிழமை
ஐயாவின் மேசையில் தட்டவேண்டும்.