முப்பத்திரண்டு எழுத்து

பித்தளைத் தகட்டில்
வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து.
இடைவெளியும் கணக்கில் சேரும் என்று
சங்கச் செயலாளரிடம் ஆண்டுதோறும் சொல்கிறேன்.
ஆண்டுதோறும் அவர்
பத்தி பத்தியாய் எழுதிக்கொண்டு வருகிறார்.

டோங்காட் கடைத்தெருவில்
மீன்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே என் பட்டறை.
புறாப் பந்தயம், கரும்பாலைப் பணி ஓய்வு,
அழகிப்போட்டியில் மூன்றாம் இடம்,
எந்தப் பெருமையானாலும்
என் மேசையில் கொஞ்சம் தூளை உதிர்த்துவிட்டுத்தான்
மேடைக்குப் போகும்.

இந்த முறை ஐந்து பேர்.
கணக்கு வாத்தியார் சிவலிங்கம் படையாச்சிக்குக்
கல்விப் பணி. இலகு.
கண் டாக்டருக்கு மருத்துவப் பணி.
மண்டபத்துக்குக் கூரை போட்டவருக்குக் கொடை,
இன்னும் போடாத பாதிக் கூரைக்கும் சேர்த்து.
மருத்துவமனையில் முப்பது வருடம்
இரவுப் பணி பார்த்த நோம்புமெலெலோவுக்குப்
பெயரே பாதித் தகட்டைத் தின்றது.
பரவாயில்லை, எழுத்தைச் சிறிதாக்கினேன்.

ஐந்தாவது, சாலாட்சி நாயக்கர்.

வெள்ளம் குழாய்களை அறுத்துப்போன வருடம்
ஊர் முழுக்கக் குழாயில் காற்று மட்டும் வந்தது.
அவள் கொல்லையில் ஓர் ஆழ்துளைக் கிணறு.
சுவரில் கடப்பாறையால் ஓட்டை போட்டுத்
தெருவுக்கு ஒரு ரப்பர் குழாயை நீட்டினாள்.
மின்வெட்டு முடிந்து
இரவு இரண்டுக்குக் கரண்ட் வருமென்றால்
ஒன்றே முக்காலுக்கு
மோட்டார் பக்கத்தில் கம்பளியோடு நிற்பாள்.
எங்கள் தெரு, பின்தெரு,
பிறகு ஹம்பனாத்தியிலிருந்து தள்ளுவண்டிகள்.
ஏழு மாதம்.
தைக்கிற ஆலையில் வரிசை மேற்பார்த்தவள்,
வரிசை தவறினால்
பிள்ளைத்தாய்ச்சி தவிர யாரையும் விடமாட்டாள்.
பாதிரியாரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"தண்ணீர் கொடுத்ததற்காக" என்று
செயலாளர் எழுதி வந்தார்.
ஓட்டல் சிப்பந்திக்குக் கொடுப்பது போலிருக்கிறது
என்றார் தலைவர்.
கடைசியில் சமூக சேவை.
எழுத்து மிச்சம் நிறைய.
இரண்டு பக்கமும் பூ போட்டு நிரப்பினேன்.

விழாவில் பொன்னாடை தோளில் நிற்கவில்லை.
விசாலாட்சி என்று திருத்திப் படித்தார் அறிவிப்பாளர்.
அவள் அவரைத் திருத்தவில்லை.
கேடயத்தை எடைபார்ப்பது போல் பிடித்துக்கொண்டு
இறங்கி வந்தவள்
என் நாற்காலியருகே குனிந்தாள்.
"இது என்ன விலை?"
நானூற்று எண்பது ராண்ட் என்றேன்.
"மோட்டாருக்கு ஒரு கண்டென்சர் வாங்கலாம்" என்றாள்.
கோபமில்லை, விலை தெரிந்தவள் பேச்சு.
பிரியாணிக்கு நிற்கவில்லை.
எட்டரைக்கு அவள் தெருவுக்குக் கரண்ட்.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தாள்,
கேடயம் மளிகைப் பையில்.
"பெயர்ல ஏதாவது பிழையா?"
"பெயரை விடு. இதைப் பெயர்த்தெடு.
பின்பக்கம் சும்மாதானே கிடக்கு?
நோட்டுல எழுதினா நனைஞ்சு ஊறிப் போவுது,
அடுத்த தடவை குழாய் அறுந்தா
பழைய சண்டையெல்லாம் முதல்லேருந்து வரும்.
கதவில அடிச்சுடறேன்."

பட்டியலைப் பிரித்தாள்.
செவ்வாய்: பதினொன்றாம் எண், நான்கு வாளி.
செவ்வாய்: ஷொங்க்வே வீடு, ஆறு, கைக்குழந்தை.
புதன்: கோவில் அடுப்படி, திருவிழாவானால் மட்டும்.
வியாழன்: கோப்பைக் கடைக்காரன், ஐந்து.
ஐந்துதான். எனக்கு அந்தக் கணக்கு தெரியும்.
என் மனைவி ஏழு கேட்டு
அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் தெரியும்.

முன்பக்கத்துப் பூவெல்லாம் மேசையில் கவிழ்ந்து கிடக்கப்
பின்பக்கம் பொறித்தேன்,
விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு,
ஊசியை மூன்று முறை மாற்றி.
வரிக்கு முப்பத்திரண்டு என்பதை
அன்றைக்கு நான் எண்ணவே இல்லை.
நாற்பத்தொரு வீடு.
அடி விளிம்பில் விரலகலம் இடம் மிஞ்சியது.

"உங்க பேரை எங்க போட?" என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னைப் பார்த்தாள்.
"நான் எந்த வரிசையில நிக்கிறேன்,
என் பேரைப் போட?"