நூற்றுக்கு இருபது

உப்புவெளியில்
அறைச்சாவியை நீட்டிய கையாலேயே
அட்டையையும் நீட்டினான் பெடியன்.
ஆறாயிரம் ரூபாய்தான் அன்ரி,
பதினொரு சாப்பாட்டுக் கடை, நாலு இரவு,
எங்கே சாப்பிட்டாலும்
நூற்றுக்கு இருபது கழிவு.
பொன்னிற எழுத்து. ஓரத்தில் ஒரு நண்டு
பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

மரியான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நானோ
பேசாலைக் கடற்றொழிலாளர் சங்கத்தில்
பதினாலு வருடமாய் மீன் நிறுத்து விலை எழுதுகிறவள்.
எனக்கு நண்டென்றால் கிலோ,
கால் உடைந்திருந்தால் விலை குறைவு.
கழிவென்றால் குடலும் செவுளும்,
வாளியோடு காகத்துக்குப் போவது.
யோசித்துச் சொல்கிறோம் தம்பி, என்றேன்.

பிள்ளைகள் கட்டிலில் துள்ளித் துள்ளி
சட்டம் கிரீச்சிட,
விளம்பரத் தாளின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஆறாயிரத்தை மீட்க
முப்பதாயிரத்துக்குத் தின்னவேண்டும்.
ஜெனிற்றா எந்த ஊருக்குப் போனாலும் முட்டைக் கொத்து.
அன்ரோ சோற்றைத் தள்ளிவைத்துச்
சோஸை மட்டும் நக்குவான்.
எனக்கு இடியப்பமும் சொதியும் கண்டால் போதும்.
தவக்காலம் நாற்பது நாளும்
இறைச்சி தொடாமல் இருந்த மரியானின் பசியை
தாராளமாகவே போட்டேன்.
அப்படியும்
இரவுக்கு ஐயாயிரத்து நானூறு,
நாலு இரவுக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு,
கழிவு நாலாயிரத்து முந்நூற்று இருபது.
மிச்சம் ஆயிரத்து அறுநூற்று எண்பது
கடலுக்குள்ளே.
அட்டையை நட்டமில்லாமல் ஆக்க
இன்னும் எண்ணாயிரத்து நானூறுக்குச் சாப்பாடு,
அதை எந்த வயிற்றில் இறக்குவது?

பிறகுதான் அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்டேன்.
குடிவகைக்குச் செல்லாது.
வெள்ளி, சனி இரவில் செல்லாது.
அன்றன்று விலை சொல்லும் மீன், இறால், நண்டுக்குச் செல்லாது.
அந்த நண்டு ஏன் சிரித்ததென்று விளங்கியது.

தாளை மரியானிடம் கொடுத்தேன்.
அவர் கணக்கைப் பார்க்கவேயில்லை.
"நாலு நாளைக்காவது
வலப்பக்கம் பாக்காமச் சாப்பிடலாமெண்டு நினைச்சன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.
கலியாணம் முடித்த நாளிலிருந்து
எந்தக் கடையில் மெனுவைக் கொடுத்தாலும்
வலமிருந்து இடமாகத்தான் வாசிப்பார்.
முதலில் விலை.
அந்த விலைக்கு எதிரே எது எழுதியிருக்கிறதோ
அதுதான் அன்றைக்கு அவருக்குப் பிடித்த சாப்பாடு.

அட்டை வலப்பக்கத்தை அழிக்காது,
அதற்குக் கீழே இன்னொரு கழித்தலைக் கட்டிவிடும்.
இதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

பின்னேரம் கோட்டை வாசலில்
மான்கள் லஞ்ச் சீற் மேய்ந்துகொண்டு நின்றன.
ஒன்று வந்து
என் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை இழுத்தது.
நண்டு போனது, பதினொரு கடையும் போயின,
என் கூட்டலும் கழித்தலும்
அதன் கடைவாயில் அரைபட்டன.
அன்ரோ கைதட்டினான்.
மரியானும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

இரவு கடற்கரையில் ஒரு கடை.
மணலில் பிளாஸ்டிக் கதிரைகள்,
நாலு கால்களில் ஒன்று எப்போதும் புதையும்.
மெனுவை அவர் பக்கம் தள்ளினேன்.
"அந்த ஆறாயிரம் என்ர பையிலதான் கிடக்கு.
முடியுமட்டும் இடப்பக்கத்தை வாசியுங்கோ."

உள்ளங்கையை விரித்து
விலைகளின் மேல் அழுத்தி வைத்தார்.
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தார்:
கணவாய்ப் பொரியல். இறால் தேங்காய்ப்பால் கறி.
சுட்ட பாரை, முழுசாய்.
"பாரை," என்றார். பிறகு இன்னொரு தரம், "பாரை."

நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில்
ஒரு சின்ன நீக்கல் இருந்தது.
நான் கண்டும் காணாத மாதிரிக்
கடலைப் பார்த்தேன்.

பார்க்கட்டும்.
வாழையிலையில் அந்தப் பாரை வந்து இறங்கியபோது
என் கண்ணும்
கேளாமலே அதை நிறுத்துவிட்டிருந்தது:
எண்ணூறு கிராம்.
தலையோடு.