தொண்ணூறு எண்ணும் வரை

நௌஷாத் வாங்கிய விளக்கு
பேனா அளவுதான்.
இரண்டு மாத ஓவர்டைம் காசு,
கொரியர் செலவு தனி.

அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு
அனுமதிச் சீட்டோடு ஆறு மணி நேரம் நடந்து
தொட்டல்லாவுக்கு வந்தால்
ஆறு என்று சொல்ல அங்கே
பாறை இடுக்கில் ஒரு குட்டை.
கரையில் யானை லத்தி, சூடு ஆறவில்லை.
தண்ணீர்மேல் ஒரு மூங்கில் இலை,
இலைமேல் ஏதோ பூச்சி,
பரிசல்காரன் தோரணையில்.

என் துப்பட்டாவை நாலாக மடித்துப் பிடித்தேன்.
கலங்கல் இருந்தால் வெளிச்சம் போகாதாம்.
கடன் கொடுத்தவனைக் கண்டவன்
லாரிக்குப் பின்னால் ஒதுங்குவதுபோல
மண்துகளுக்குப் பின்னால் கிருமி ஒளியுமாம்.
மூன்று முறை வடித்தோம்.
வெறும் டீத்தண்ணி நிறத்துக்கு வந்து
அதற்குமேல் தெளிய மாட்டேன் என்று நின்றது.
"போதும்" என்றான்.

விளக்கை உள்ளே விட்டுக் கலக்கினான்.
பாட்டில் முழுக்க நீலம்.
"நேரா பாக்காதீங்க."
நான் சத்தமாக எண்ணினேன்,
கம்பெனியில் போல்ட் எண்ணுகிற வேகத்தில்.
பதினொன்று. பன்னிரண்டு.

"இது கொல்லாதுக்கா.
உள்ள எழுதியிருக்கிற எழுத்தைக் குழப்பிவிட்டுடும்.
உயிர் இருக்கும்,
வம்சம் இருக்காது."

இருபத்தொன்பது.
முப்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

காவலுக்கு வந்த புட்டசாமி
மணலில் ஊற்றுப் பறித்து
எப்போதோ கையால் அள்ளிக் குடித்தாயிற்று.
பாறையில் குந்தி
பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"ஏன் மேடம், எங்கூரு போர் தண்ணியில
இத உட்டா
பல்லு வெளுக்குமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
நீல வெளிச்சத்தில் முன்பற்கள்.
மேலே பழுப்புக் கோடு,
கீழே சுண்ணாம்புத் திட்டு.
என் உதடு தானாக மூடிக்கொண்டது.
பாப்பாரப்பட்டிப் பக்கம் பிறந்தவள் நான்.
அடையாள அட்டையில், கல்யாண ஆல்பத்தில்,
செல்பி எடுக்கையில் கூட
வாய் திறந்ததில்லை.

எங்கள் தண்ணீரில் கலங்கல் கிடையாது.
கண்ணாடி.
யானை கால் வைக்காதது, இலை விழாதது.
கொதிக்க வைத்தால் குறையாது,
இன்னும் இறுகும்.
கரைந்திருப்பது கல்.
கல்லுக்கு உயிரில்லை,
குழப்புவதற்கு ஓர் எழுத்துமில்லை.
வம்சம் மட்டும் எப்படியோ
எங்கள் வாயில் வளர்கிறது.

"வெளுக்காதுங்கண்ணா" என்றேன்,
எழுபத்தாறுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவில்.
பல் தெரியச் சொன்னேன் போலிருக்கிறது.
அவர் பார்த்தார்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
"எத்தனை அடிங்க உங்க போரு?"
"எழுநூறு."
"எங்களுது அறுநூத்தி இருவது."

தொண்ணூறு.
நீலம் அணைந்ததும் காடு பக்கத்தில் வந்து நின்றது.
நௌஷாத் பாட்டில் மரையைத் துடைத்தான்.
அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சொட்டை
விளக்கு பார்த்திருக்காது என்பான்.
குடித்தேன்.
இலை, சேறு, துப்பட்டாவின் சோப்பு வாசம்,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு பெரிய மிருகத்தின் மூச்சு.
பாதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு
வெட்கமாக இருந்தது.

புட்டசாமி எழுந்தார்.
தன் கேனைக் கவிழ்த்தார்,
காலையில் ஊரிலிருந்து கொண்டுவந்தது.
மணல் அதை உறிஞ்சும்வரை நின்றார்.
"இதுல ரொப்பித் தருவீங்களா?
பாப்பாவுக்கு. ஆறு வயசு.
பால்பல்லு விழுந்து
இப்பதான் முளைக்குது."

ஒரு கேன் தண்ணீரில் என்ன ஆகும் என்று
மூவருக்குமே தெரியும்.
மறுபடி துப்பட்டா. மறுபடி குட்டை.
கேன் அஞ்சு லிட்டர்,
லிட்டருக்குத் தொண்ணூறு.
விளக்கின் நுனியில் சார்ஜ் தீர்கிற
சிவப்புப் புள்ளி மினுங்கியது.
நௌஷாத் அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தான்.

ஒன்று, என்றேன்.