மூன்றாவது படி

பிளிமத் நிலையத்தில் என் வேலை அழிப்பது.
இரண்டங்குல நாடா. ஒரு சுருளின் விலை
என் மாதச் சம்பளத்தைத் தாண்டும்.
அதனால் நாடாவை வைத்துக்கொள்வார்கள்,
அதற்குள் இருப்பவர்களை அனுப்பிவிடுவார்கள்.
அனுப்பிவைப்பவன் நான்.
பேரேட்டில் தேதி, எண், ‘அழித்தாயிற்று’,
கீழே டென்ஸில் பாஸ்கோ என்று ஒரு கிறுக்கல்.

வியாழன் இரவு பத்தரைக்குப் பேய்க்கதைகள்.
அரை மணிக்குள் இரண்டு, சில வாரம் மூன்று.
பழைய கோட் வாங்கியவன் பைக்குள் கைவிடுவான்,
நாளைத் தேதியில் கிழித்த பஸ் டிக்கெட்.
சன்னலில் படிந்த ஆவியில்
ஒரு சிறுமி விரலால் ஒரு பெண்ணை வரைவாள்,
ஆவி காய்ந்துவிடும், பெண் போகமாட்டாள்.
தரைத்தளத்தில் நிற்க வேண்டிய லிஃப்ட்
நிற்காமல் இறங்கும், இறங்கும்,
விளம்பர இடைவேளையிலும் இறங்கிக்கொண்டிருக்கும்.

அரக்கனின் கை, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறை.
கல்லறை மூடுபனி, ஒரு வாளி உலர்பனி.
எல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தும் வியாழக்கிழமைகளில்
விளக்கை எரியவிட்டுத்தான் படுத்தேன்.

மோர்வென்னா ட்ரெகீருக்கு வசனமே கிடையாது.
இறந்த மனைவி. பன்னிரண்டு படி இறங்க வேண்டும்,
கீழே புருஷன் கடிதங்களை எரித்துக்கொண்டிருப்பான்.
பதினொன்றாம் படியில் மெழுகுவத்தி அணையும்,
பெயர்கள் ஓடத் தொடங்கிவிடும்.
கடைசிப் படியை அவள் மிதிக்கவேயில்லை.

கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தாள்,
முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு.
உதடு கலையாமல் ஜாம் பன்னைப்
பிய்த்துப் பிய்த்து வாய்க்குள் போட்டபடி,
“மூன்றாவது படி கத்துகிறது.
பேய் நடந்தால் சத்தம் வரலாமா?
தச்சரிடம் சொல்லேன்” என்றாள்.
சரி என்றேன்.
மறந்துபோனேன்.
திங்கட்கிழமை அந்தப் படிக்கட்டையே
கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் விறகு விலைக்கு வாங்கிப்போனார்.

அந்தப் பிப்ரவரியில் லிஸ்கர்ட் சாலையில் பனி உறைந்திருந்தது.
செய்தித்தாளில் நான்கு வரி,
அதிலும் பெயரில் எழுத்துப்பிழை.

ஜூனில் அவள் நாடா என் மேசைக்கு வந்தது.
அழித்தேன். வேறென்ன செய்வேன்.
அதன்மேல் எக்ஸிடர் நாய்க் கண்காட்சியைப் பதிந்தார்கள்.
ஸ்பானியல், டெரியர், சீவிவிட்ட பூடில்,
கோப்பை தரும் மேயரம்மா.
பதினோராம் நிமிடம்
முப்பது நாய்களும் ஒன்றாகத் தலைதூக்கி
திரையின் இடது மேல் மூலையைப் பார்த்தன.
பிறகு பார்வையை மெல்ல,
படிப்படியாக,
கீழே கொண்டுவந்தன.

யாரும் தொலைபேசவில்லை, யாரும் கடிதம் எழுதவில்லை.
பேரேட்டில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்:
‘சிதைந்தது, குப்பைக்கு.’
மழைக்கோட்டுக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
போட்டுப் பார்க்க வழியில்லை,
அதற்கான இயந்திரம் எங்கள் சமையலறையைவிடப் பெரிது.
கட்டிலடியில் கிடக்கிறது,
லவ்டேயின் குளிர்காலக் காலணிகளுக்குப் பக்கத்தில்.

லவ்டேயிடம் நான் எதையும் சொன்னதில்லை.
போன வியாழன், பின்னிக்கொண்டிருந்தவள்
ஊசியை நிறுத்திக் கேட்டாள்,
“மாடியில் யார்?”
எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை.
நாற்பது வருடமாக இல்லை.
எனக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு.
மூன்றாவது, கிரீச்.
அதற்கு மேல் நிதானமாக எட்டு.
பிறகு ஒன்றுமில்லை. கெண்டி கொதிக்கும் சத்தம்.

இன்று மறுபடி வியாழன். மணி பத்து இருபது.
எழுபத்தொரு வயதில், உள்கால்சட்டையோடு
கூடத்து நடுவில் நிற்கிறேன்.
கையில் சுத்தியல், வாயில் இரண்டு ஆணி.
சுவரில் காதை வைத்துப் பார்த்தாயிற்று,
தரையைத் தட்டிப் பார்த்தாயிற்று.
லவ்டே கதவருகில் டார்ச் பிடித்து நிற்கிறாள்,
எங்கே அடிப்பதென்று
அவளுக்கும் தெரியவில்லை.