சுட்டுவிரல் வேலை

செருப்பைக் கழட்டி மணலிலை விடுங்கோ.
சிலாவத்தையிலை ஆரும் எடுக்காயினம்,
நாய் மட்டும் ஒண்டை இழுத்துக்கொண்டு போகும்.
ஒற்றைச் செருப்போடை வவுனியா போனவை இருக்கினம்.

நான் யசிந்தா. இது என்ரை வள்ளம்,
பேர் மூண்டாம் தவணை.
சிரிக்காதேங்கோ குகநேசன்,
நீங்கள் வந்து கேற்றடியிலை நிண்ட மாதம் வைச்ச பேர்.
இண்டைக்கு உங்கடை லீசிங் கொம்பனி முழுக்க என்ரை கையிலை.
வட்டியைப் பற்றிக் கரைக்கு வந்து கதைப்பம்.

முதல், அங்கி.
செம்மஞ்சள் போட்டோவுக்கு வடிவில்லைத்தான்.
கடலுக்கு வடிவு தேவையில்லை, தூரத்திலை தெரிஞ்சாப் போதும்.
கால் இடுக்காலை வாற பட்டியையும் பூட்டுங்கோ.
பூட்டாட்டில் அங்கி மிதக்கும்,
நீங்கள் மிதக்கமாட்டியள்.

இது பருமல், பாயின்ரை அடிக்கட்டை.
காத்து மாறினால் இந்தப் பக்கத்தாலை அந்தப் பக்கம் வரும்,
சொல்லிப்போட்டு வராது.
நான் "தலை!" எண்டு கத்தினால் குனியுங்கோ.
ஏன் எண்டு போன ஆடியிலை ஒரு எஞ்சினியர் கேட்டவர்.
மாஞ்சோலை ஆசுப்பத்திரியிலை நாலு தையல்.

இது தாமான். பாயை இழுக்கிற கயிறு.
கையிலை சுத்தாதேங்கோ,
விடத் தெரிஞ்ச மாதிரிப் பிடியுங்கோ.

இப்ப வீசுறது கச்சான்.
வெக்கையும் பனங்காட்டுப் புழுதியும் மணக்கும்,
முதுகைத் தடவுற மாதிரி இருக்கும். நம்பாதேங்கோ.
தரையாலை தள்ளுற காத்து கடலை மட்டமாக் காட்டும்.
திரும்பேக்கைதான் விளங்கும்
எவ்வளவு தூரம் அனுப்பிப்போட்டுது எண்டு,
உங்கடை விளம்பரம் மாதிரி.

நாயாத்து முகத்துக்குக் கிட்டப் போகேலாது,
மணல்மேடு இடம் மாறிப்போச்சு.
நேவிக்குப் பேர்ப்பட்டியல் குடுத்தாச்சு. ஏழு பேர்.
ஏழு பேராத்தான் திரும்ப வேணும்,
எட்டு எண்டாலும் கேள்வி கேப்பினம்.

நீந்தத் தெரியாத ஆக்கள் கை தூக்குங்கோ.

ஒருத்தருமில்லை.

சரி, எல்லாரும் கண்ணை மூடுங்கோ. மனேச்சரும்தான்.
திரும்பக் கேக்கிறன்.

நாலு கை.
ஆற்றை எண்டு சொல்லமாட்டன்.

இனித்தான் விசயம்.
ஆராவது விழுந்தால் பாயவேண்டாம்,
பிறகு ரெண்டு பேரைத் தேடவேணும்.
குகநேசன் வளையத்தை எறிவார்.
நான் வள்ளத்தைத் திருப்புவன்.
ஒராள், ஒரே ஒராள்,
விழுந்த ஆளை விரலாலை காட்டிக்கொண்டு நிக்கவேணும்.
கயிறு பிடிக்கிறேல்லை. அழுகிறேல்லை. போன் எடுக்கிறேல்லை.
கண்ணை எடுக்கிறேல்லை.
கடலிலை ஒரு தலை எண்டிறது சிரட்டை அளவு,
மூண்டு அலைக்குள்ளை தவறிப்போகும்.

ஆர் செய்யிறியள்?

இவ்வளவு நேரமும் வாய் திறக்காத பிள்ளை,
பட்டியை ரெண்டு தரம் பிழையாப் பூட்டின நிலுக்சி,
"நான் செய்யிறன் அக்கா" எண்டாள்.
"எவ்வளவு நேரம் காட்டவேணும்?"

ஆளைத் தூக்கி ஏத்துமட்டும்.

"கை உளைஞ்சால்?"

மற்றக் கையாலை காட்டுங்கோ.

"ஆள் தெரியாமப் போனால்?"

கச்சான் ஆறு அங்கியையும் ஒருக்காப் படபடக்க வைச்சுது.
பயிற்சிக்குப் போன இடத்திலை
இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்லை,
நானும் கேக்கேல்லை.
குகநேசன் தன்ரை கால்விரலைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

கடைசியாக் கண்ட இடத்தைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ, எண்டன்.
நான் அங்கைதான் திருப்புவன்.

"அது எனக்கு வரும்" எண்டாள்.
"வீட்டிலை பாத்திருக்கிறன்."

சரி.
வெயில் ஏற முதல் தள்ளுவம்.
அணியத்திலை ரெண்டு பேர், கடையாலிலை மற்றவை.
தண்ணி இடுப்புக்கு வந்ததும் ஏறுங்கோ, முதல் நிலுக்சி.

மறந்துபோனன்:
சத்தி வந்தால் காத்துப் போற பக்கம் எடுங்கோ.
எதிர்ப்பக்கம் எடுத்தால்
அது முழுக்க மனேச்சருக்குத்தான்.